கடன் கொடுத்தவர் குடியிருக்கும் வீடு: தமிழ்நாட்டு வீட்டு ஒத்தியும் கடன் முறைப்படுத்தும் சட்டங்களும்

ஆய்வுச்சுருக்கம்

வீட்டை ஈடாக வைத்துத் தனியாரிடம் கடன் பெறும் முறைகளுள் ஒத்தி அல்லது போக்கியம் தனித்தன்மை உடையது. கடன் பெற்ற உரிமையாளர் வீட்டைக் காலிசெய்து கொடுக்கிறார். கடன் கொடுத்தவர் அதில் குடியேறுகிறார். வட்டி என்று எதுவும் கைமாறுவதில்லை, வாடகையும் இல்லை. 1802 தொடங்கிச் சென்னை மாகாணத்திலும் பின்னர் தமிழ்நாட்டிலும் நடைமுறைக்கு வந்த கடன், அடமான, வாடகைச் சட்டங்கள் இவ்வுறவை எவ்வாறு கண்டன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. கடன் வாங்கியவரே எளியவர் என்னும் எடுகோளின் மீது எழுந்த அச்சட்டங்கள், கடன் கொடுத்தவர் எளியவராய் நிற்கும் வீட்டு ஒத்தியைத் தம் காப்புக்கு வெளியே விட்டுவிட்டன என்பது இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: ஒத்தி, போக்கியம், அடமானம், வாடகைக் கட்டுப்பாடு, சொத்துரிமை மாற்றுச் சட்டம், வில்லங்கச் சான்று

முன்னுரை

வீட்டுக் கடனை முறைப்படுத்தும் சட்டங்கள் பலவும் ஒரு வினாவை முதலில் எழுப்புகின்றன: அந்த வீட்டில் உரிமையாளர் குடியிருக்கிறாரா? குடியிருந்தால் அவர் காப்புக்கு உரியவர். குடியிராவிட்டால் அவர் வணிகர். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் 1968ஆம் ஆண்டுக் கடன் வெளிப்படைச் சட்டம் தொழில் நோக்கக் கடன்களுக்குப் பொருந்தாது. உரிமையாளர் குடியிராத வாடகை வீட்டை வாங்கவோ செப்பனிடவோ பெறும் கடனைத் தொழில் நோக்கக் கடனாகவே அச்சட்டத்தின் அதிகாரபூர்வ விளக்கம் கொள்கிறது. கடன் வாங்குபவர் எங்கே வாழ்கிறார் என்பதே அங்கு அளவுகோல். அந்த வீட்டில் வாழும் மற்றவர் கணக்கில் வருவதில்லை.

தமிழ்நாட்டில் அந்த மற்றவர் பெரும்பாலும் வாடகைக் குடியாக இருப்பார். ஆனால் ஒத்தி வீட்டில் குடியிருப்பவர் உரிமையாளருக்குக் கடன் கொடுத்தவரும் ஆவார். உரிமையாளர் குடியிராத வீட்டின் மீதான தனியார் கடனுக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. உரிமையாளர் வெளியேறுவதே இக்கடனின் நிபந்தனை. எனினும் ஒத்தி குறித்த எழுத்துகள் பெரும்பாலும் நிலத்தையே மையமாகக் கொண்டுள்ளன. நில ஒத்தியின் இலக்கணம் வீட்டுக்கு அப்படியே பொருந்தாது.

சொல்லும் வழக்கும்

ஒற்றி என்பது எழுத்து வழக்கு. ஒத்தி என்பது பேச்சு வழக்கு. காற்று காத்து ஆனதுபோல் றகர இரட்டிப்பு தகர இரட்டிப்பாகிய மாற்றம் இது. போக்கியம் என்பது துய்த்தற்குரியது என்னும் பொருளுடைய வடசொல்லின் வழிவந்தது. தென்மாவட்டங்களில் ஒத்தி என்ற சொல்லே மிகுதியும் வழங்குகிறது. சென்னையில் போக்கியமும், அண்மைப் பதிற்றாண்டுகளில் லீஸ் என்ற ஆங்கிலச் சொல்லும் வழங்குகின்றன. இந்த மூன்றாவது சொல்லை வெறும் நாகரிகப் பெயராகக் கருதிவிடலாகாது. சட்டத்தில் லீஸ் என்பது குத்தகை. ஒத்தி என்பது அடமானம். ஒன்றில் குடியிருப்பவர் குடி. மற்றொன்றில் அவர் கடனீந்தோர். பெயர் மாறும்போது உரிமையும் மாறிவிடுகிறது என்பது பின்னர் விளங்கும்.

தரும நூல்கள் ஈட்டை இருவகைப்படுத்தின. காத்து வைக்கப்படுவது ஒன்று, துய்க்கப்படுவது மற்றொன்று. குறித்த காலத்தில் மீட்கப்படாத ஈடு கைநழுவிப் போகும் என்று கூறும் யாஞ்ஞவல்கிய ஸ்மிருதி, பயன் துய்க்கப்படும் ஈடு அவ்வாறு அழிவதில்லை என விலக்களிக்கிறது. கடன் கொடுத்தவர் ஒவ்வோர் ஆண்டும் பயனைப் பெற்றுக்கொண்டிருப்பதால் அவருக்கு இழப்பில்லை என்பதே இதன் அடிப்படை. யாழ்ப்பாணத்தில் டச்சு ஆட்சியின்போது கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்தளித்த தேசவழமையிலும் ஒத்தி இடம்பெறுகிறது. அங்கும் நிலத்தின் விளைவு வட்டியின் இடத்தைக் கொள்கிறது.

இந்த மரபு முழுவதிலும் ஒத்திதாரர் வலியவராகவே தோன்றுகிறார். கையில் பணம் உள்ளவர் அவர். விளைநிலத்தை இழந்து நிற்பவர் உழவர். நிலம் தரும் விளைவு வட்டியைவிட மிகுதியாக இருக்கலாம். அப்போது கடன்பட்டவர் அசலையும் விஞ்சிய தொகையை விளைவாகக் கொடுத்திருந்தும் நிலத்தை மீட்க இயலாமல் தவிப்பார். சட்டம் தலையிட முற்பட்டபோது அதன் கண்முன் நின்றது இந்தக் காட்சிதான்.

வீட்டில் விளைவு இல்லை. அங்கு வாழ்தல் மட்டுமே பயன். 5 லட்சம் ரூபாய்க்கு ஒரு வீட்டை ஒத்தி எடுத்தவர், மாதம் 5,000 ரூபாய் வாடகை கொடுக்க வேண்டிய இடத்தில் வாடகையின்றி இருக்கிறார் எனக் கொள்வோம். ஆண்டுக்கு 60,000 ரூபாய், அதாவது 12 விழுக்காடு, அவருக்கு மிச்சமாகிறது. ஆனால் அது கையில் வரும் பணமன்று, செலவாகாத பணம். அசலோ அவருடைய வாழ்நாள் சேமிப்பாக, மகளின் நகையை விற்ற பணமாக, ஓய்வுக்காலத் தொகையாக இருக்கக்கூடும். மாத வாடகைச் சுமையிலிருந்து விடுபட விரும்பும் குடும்பமே பெரும்பாலும் ஒத்திக்கு வீடு தேடுகிறது. வீட்டை ஒத்திக்கு விடுபவரோ வேறொரு வீடும் உடையவராக இருப்பதுண்டு. நில ஒத்தியின் வலியவரும் எளியவரும் வீட்டு ஒத்தியில் இடம் மாறி நிற்கின்றனர்.

1802 முதல் 1882 வரை

கும்பினி ஆட்சியில் சென்னை மாகாணத்துக்கு வகுக்கப்பட்ட 1802ஆம் ஆண்டின் 34ஆம் ஒழுங்குவிதி, வட்டிக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு என வரம்பு விதித்தது. சொத்து கடன் கொடுத்தவர் வசம் இருக்குமாயின் அதன் வருவாய் கணக்கிடப்பட வேண்டும். அசலும் வரம்புக்குட்பட்ட வட்டியும் அவ்வருவாயில் அடைந்ததும் அடமானம் தீர்ந்துவிடும். வங்காளத்தில் 1793இல் வகுக்கப்பட்ட விதியை அடியொற்றியது இது. துய்ப்பைத் தொகையாக மாற்றி அளக்க முயன்ற ஏற்பாடு என்ற வகையில் இதன் இடம் பெரிது. வாடகையில்லாக் குடியிருப்பும் ஒரு வட்டியே என்பதை அது மறைமுகமாக ஒப்புக்கொண்டது.

1855ஆம் ஆண்டின் 28ஆம் சட்டம் வட்டி வரம்புகளை நீக்கிற்று. ஒப்பந்தம் எதுவோ அதுவே சட்டம் என்ற நிலை வந்தது. இங்கிலாந்தில் வட்டிச் சட்டங்கள் நீக்கப்பட்டு ஓராண்டே ஆகியிருந்தது. சென்னையிலிருந்து சென்ற ஒரு மேல்முறையீட்டில் 1870இல் பிரிவி கவுன்சில் அளித்த தீர்ப்பும் (பட்டாபிராமையர் எதிர் வேங்கடராவ் நாயக்கன்), அடமான ஆவணத்தின் சொற்களை அவை எழுதப்பட்டவாறே நிறைவேற்ற வேண்டும் என்ற போக்கிலேயே அமைந்தது.

இதே காலத்தில் வேறொரு முறை சென்னையில் வேரூன்றிற்று. வீட்டின் மூலப் பத்திரத்தைக் கடன் கொடுப்பவரிடம் ஒப்படைத்தாலே அது அடமானம் ஆகும் என்ற ஆங்கிலேய வழக்கத்தை 1862இல் பிரிவி கவுன்சில் சென்னை மாகாண வழக்கொன்றில் (வர்தன் சேத் சாம் எதிர் லக்பதி ராய்ஜி லாலா) ஏற்றது. இதில் எழுத்து வேண்டுவதில்லை, பதிவு வேண்டுவதில்லை, உரிமையாளர் வீட்டைக் காலிசெய்யவும் வேண்டுவதில்லை. வணிக நகரத்தின் விரைவுக்கு ஏற்ற முறை இது. ஒரே வீட்டின் மீது ஒருவர் பத்திரத்தை வைத்திருக்க, மற்றொருவர் வீட்டையே வைத்திருக்கும் வாய்ப்பு இதனால் பிறந்தது. பின்னாளைய ஒத்திதாரரின் இடர் அனைத்தும் இங்குத் தொடங்குகிறது எனலாம்.

1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் இவ்விரு முறைகளையும் ஒரே சட்டகத்துக்குள் கொண்டுவந்தது. ஒத்தி அதில் பயன்துய்ப்பு அடமானம் எனப் பெயர் பெற்றது. 58ஆம் பிரிவின் ஈ கூறு அதனை வரையறுக்கிறது: உரிமையாளர் சொத்தின் வசத்தை ஒப்படைக்கிறார், பணம் திரும்பும்வரை அதனை வைத்துக்கொள்ளவும் வருவாயை வட்டிக்கோ அசலுக்கோ இரண்டுக்குமோ ஈடுசெய்துகொள்ளவும் கடன் கொடுத்தவருக்கு அதிகாரம் தருகிறார். வசத்திலுள்ள அடமானதாரர் வரவு செலவுக் கணக்கு வைக்க வேண்டும் என்று 76ஆம் பிரிவு விதிக்கிறது. ஆனால் வருவாய் முழுவதும் வட்டிக்கு ஈடு என்று ஒப்பந்தம் இருந்தால் கணக்கு வேண்டியதில்லை என 77ஆம் பிரிவு விலக்களிக்கிறது. வீட்டு ஒத்தி பெரும்பாலும் இவ்விலக்கின் கீழேயே வருவது. 1802இன் ஒழுங்குவிதி அளக்க முயன்றதை 1882இன் சட்டம் அளக்காமல் விட்டது.

இச்சட்டத்தில் மிகுந்த கவனத்துக்குரியது 67ஆம் பிரிவு. பயன்துய்ப்பு அடமானதாரர் அந்நிலையில் சொத்தை விற்றுத்தரக் கோரவோ மீட்புரிமையை மூடக் கோரவோ முடியாது. சாதாரண அடமானம் பெற்றவர் பணம் வராதபோது நீதிமன்றம் வழியே வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவரலாம், ஒத்திதாரரால் இயலாது. உரிமையாளர் தாமே திருப்பித் தருவதாகப் பொறுப்பேற்றிருந்தாலோ அவருடைய தவறான செயலால் ஒத்திதாரர் ஈட்டை இழந்தாலோ பணத்துக்கு வழக்கிடலாம் என 68ஆம் பிரிவு இடந்தருகிறது. அதற்கு அப்பால் அவருக்குள்ள ஒரே பிணை வீட்டில் இருத்தல். வெளியேறிய நாளில் அதுவும் இல்லை. ஆகவேதான் தவணை முடிந்தும் பணம் வராத ஒத்திதாரர் வேறு வீடு பார்த்துச் செல்லத் துணிவதில்லை. சாவியைக் கொடுப்பதும் பணத்தை வாங்குவதும் ஒரே வேளையில் நிகழ வேண்டும் என்பது நாட்டு வழக்கம். சட்டப் புத்தகம் படிக்காதவரும் 67ஆம் பிரிவின் உட்பொருளை இவ்வகையில் அறிந்தே வைத்துள்ளனர்.

உரிமையாளர் பக்கத்திலோ மீட்புரிமை நீண்டு கிடக்கிறது. 1908ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் அதற்கு 60 ஆண்டு தந்தது. 1963ஆம் ஆண்டுச் சட்டம் 30 ஆண்டாகக் குறைத்தது. பயன்துய்ப்பு அடமானத்தில் பணம் செலுத்தப்படும்வரை அக்காலம் ஓடத் தொடங்குவதே இல்லை என 2014இல் உச்ச நீதிமன்றம் (சிங் ராம் எதிர் ஷியோ ராம்) தெளிவுபடுத்திற்று. துய்க்கப்படும் ஈடு அழிவதில்லை என்ற பழைய கொள்கையின் அருகில் இத்தீர்ப்பு வந்து சேர்வது வியப்பளிப்பது. எத்தனை ஆண்டு இருந்தாலும் ஒத்திதாரர் வீட்டுக்கு உரியவர் ஆகமாட்டார்.

கடன் நிவாரணத்தின் எல்லை

1930களின் விலைச் சரிவுக்குப் பின் இராஜாஜி அமைச்சரவை கொண்டுவந்த 1938ஆம் ஆண்டுச் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், மாகாணத்தின் கடன் வரலாற்றில் ஒரு திருப்பம். நிலுவை வட்டியைக் குறைத்தும் தள்ளுபடி செய்தும் அது உழவர்க்கு மூச்சுவிட இடந்தந்தது. எனினும் வட்டி வீதம் குறிக்கப்படாமல் சொத்தின் வசம் மட்டும் கைமாறியிருந்த ஒத்திகள் தொடக்கத்தில் அதன் பயனுக்கு வெளியே நின்றன. குறைப்பதற்கு வட்டி என்ற ஒன்று அவற்றில் எழுதப்பட்டிருக்கவில்லை. 1948ஆம் ஆண்டுத் திருத்தம் 9அ பிரிவைச் சேர்த்து இக்குறையை நீக்க முயன்றது. 30 ஆண்டு ஒத்திதாரர் வசம் இருந்த சொத்தின் கடன் முற்றும் தீர்ந்ததாகக் கொள்ளப்பட்டது.

ஆனால் விவசாயி என்பதற்கு அச்சட்டம் தந்த வரையறையிலேயே நகரம் விலக்கப்பட்டிருந்தது. நகராட்சி எல்லைக்குள் ஆண்டு வாடகை மதிப்பு 600 ரூபாய்க்குக் குறையாத கட்டடங்களுக்கு வீட்டு வரி விதிக்கப்பட்டவர் விவசாயி ஆகமாட்டார். உழவரின் துயரைத் தீர்க்க வந்த சட்டம் நகர வீட்டுக்காரரை விலக்கியதில் முறையின்மை இல்லை. அதன் விளைவு மட்டுமே இங்குக் கருதத்தக்கது: ஒத்தியைப் பற்றிச் சட்டமன்றம் நுணுகிச் சிந்தித்த அந்த வேளையிலும் வீட்டு ஒத்தி பார்வையில் படவில்லை.

பிற்காலச் சட்டங்களும் இவ்வாறே. 1957ஆம் ஆண்டின் கடனீந்தோர் சட்டம், கடன் கொடுத்தலை முதன்மைத் தொழிலாகவோ துணைத் தொழிலாகவோ கொண்டவர்க்கு உரிமம் வேண்டும் என்கிறது. குடியிருக்க ஒரு வீடு வேண்டி ஒரு முறை பணம் கொடுத்த குடும்பம் அதில் வாராது. 2003ஆம் ஆண்டின் அதீத வட்டித் தடைச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் முதலியவற்றைப் பெயர் சொல்லித் தடுக்கிறது. ஒத்தியில் வட்டியே பேசப்படுவதில்லை. இவ்விரு சட்டங்களும் தம்மளவில் தேவையானவை. கொடுத்தவரிடமிருந்து வாங்கியவரைக் காப்பது அவற்றின் பணி. வாங்கியவரிடமிருந்து கொடுத்தவரைக் காக்க வேண்டிய ஓர் உறவு உண்டு என்ற எண்ணம் அவற்றில் இடம்பெறவில்லை.

வாடகைச் சட்டமும் பெயர்மாற்றமும்

இரண்டாம் உலகப் போர்க்கால ஆணைகளைத் தொடர்ந்து 1946, 1949, 1960 ஆகிய ஆண்டுகளில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் இயற்றப்பட்டன. 1960ஆம் ஆண்டுச் சட்டம் நியாய வாடகை வகுக்க அதிகாரி ஒருவரை அமர்த்தியது. குறிப்பிட்ட காரணங்களின்றிக் குடியை வெளியேற்றுவதைத் தடுத்தது. அதன் 7ஆம் பிரிவு, வாடகைக்கு மேல் வேறு தொகை பெறுவதைத் தடுத்து முன்பணத்தை ஒரு மாத வாடகையளவாக வரையறுத்தது. பெருந்தொகை முன்பணம் இச்சட்டத்தின்படி முறையற்றதாக இருந்தது. ஆனால் அதே தொகை ஒத்திப்பணம் என்று எழுதப்பட்டால் அது கடன். வாடகைச் சட்டம் அதைத் தொடாது. நகர வீட்டுக்காரருக்கு ஒத்தி கவர்ச்சியாகத் தோன்றியதற்கு இச்சட்டமும் ஒரு காரணமாகியிருக்கக் கூடும். ஒத்தியில் குடியை அகற்றக் காரணம் காட்ட வேண்டியதில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலே போதும்.

இதனால் நீதிமன்றங்களில் ஒரு புதிய வாதம் எழுந்தது. வீட்டுக்காரர் இது ஒத்தி என்பார். குடியிருப்பவர் இது குத்தகை என்பார். ஆவணத்தின் தலைப்பைப் பொருட்படுத்தாமல் அதன் உள்ளடக்கத்தைக் கொண்டு, கடனுக்குப் பிணையாகச் சொத்து மாறியதா, துய்ப்புக்காக மாறியதா என்று காண்பதே நீதிமன்றங்களின் வழி. வாடகைக்கு இருந்தவரே பின்னர் அவ்வீட்டை ஒத்தி எடுத்த வழக்குகள் இதனினும் சிக்கலானவை. ஒத்தி மீட்கப்பட்டதும் அவருடைய பழைய வாடகை உரிமை உயிர்பெறுமா? குத்தகை கைவிடப்பட்டதாகக் கருதி வெளியேற வேண்டும் என 1976இல் ஒரு வழக்கிலும் (ஷா மதுராதாஸ் மகன்லால்), உரிமை தானாக அழிந்துவிடாது என 1996இல் மற்றொரு வழக்கிலும் (கோபாலன் கிருஷ்ணன்குட்டி) உச்ச நீதிமன்றம் கூறியது. ஆவணம் எழுதியவரின் ஒரு சொற்றொடர் ஒரு குடும்பத்தின் இருப்பிடத்தைத் தீர்மானிக்கும் நிலை இது.

பெயரை லீஸ் என்று மாற்றுவதற்கு வேறு காரணமும் உண்டு. 1899ஆம் ஆண்டு இந்திய முத்திரைச் சட்டத்தின் அட்டவணை, வசம் ஒப்படைக்கப்படும் அடமானத்துக்குக் கிரயப் பத்திரத்தை ஒத்த தீர்வையை விதிக்கிறது. வசம் மாறாத அடமானத்துக்குத் தீர்வை குறைவு. வீட்டை விற்காமலே மிகுந்த செலவு நேரும்போது பதிவைத் தவிர்க்கவே இருதரப்பும் விழைகின்றனர். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குப் பதிவு கட்டாயம் என்பதால், 11 மாதத்துக்கு என முத்திரைத்தாளில் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தமே எங்கும் காணப்படுகிறது. அதில் சில லட்சம் ரூபாய் கைமாறியிருக்கும்.

சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 59ஆம் பிரிவு இத்தாளை எவ்வாறு காணும்? 100 ரூபாயும் அதற்கு மேலும் அசலாகக் கொண்ட ஒத்திக்குப் பதிவும் இரண்டு சாட்சிகளின் சான்றொப்பமும் இன்றியமையாதன. 1882இல் வகுக்கப்பட்ட அந்த 100 ரூபாய் வரம்பு இன்றும் மாறவில்லை. இன்று எந்த வீட்டு ஒத்தியும் இவ்வரம்புக்குக் கீழே வராது. பதிவு செய்யாதவர் சட்டத்தின் முன் ஒத்திதாரரே அல்லர். பணம் திரும்ப வேண்டிய சாதாரணக் கடனீந்தோர் மட்டுமே.

பத்திரம் ஓரிடம், குடும்பம் ஓரிடம்

பதிவில்லா ஒத்தி வில்லங்கச் சான்றில் தோன்றாது. பத்திர ஒப்படைப்பால் அமையும் அடமானமும் நெடுங்காலம் அதில் தோன்றாமலே இருந்தது. ஒப்படைப்புக் குறிப்பாணையைப் பதிவு செய்யும் நடைமுறை பிற்காலத்தில்தான் பரவிற்று. இரண்டு அடமானங்கள் ஒன்றையொன்று காணாமல் ஒரே வீட்டின் மீது அமர முடிந்தது. உரிமையாளர் வங்கியில் பத்திரத்தை வைத்துக் கடன் பெறுகிறார்; அதே வீட்டை ஒத்திக்கு விட்டு மற்றொரு தொகையும் பெறுகிறார். இரண்டும் சேர்ந்து வீட்டின் மதிப்பை விஞ்சலாம்.

2002ஆம் ஆண்டின் நிதிச் சொத்துகள் மீட்புச் சட்டம், சர்ஃபேசி என்று சுருக்கமாக வழங்குவது, இந்த மறைவிலிருந்த மோதலை வெளிக்கொணர்ந்தது. கடன் நிலுவையில் நின்றால் வங்கி 60 நாள் அறிவிப்புக் கொடுத்து, நீதிமன்றத்தில் வழக்கிடாமலே வீட்டின் வசத்தை எடுக்கலாம். மாவட்ட ஆட்சியரின் அல்லது தலைமை நீதித்துறை நடுவரின் துணையையும் பெறலாம். கதவில் ஒட்டப்படும் அறிவிப்பு உரிமையாளர் பெயருக்கு வருகிறது. படிப்பவர் ஒத்திதாரர்.

வங்கி அடமானத்துக்கு முன்பே முறையாக ஏற்பட்ட குத்தகையைக் கலைக்க இயலாது என 2014இல் ஹர்ஷத் கோவர்த்தன் சோண்டாகர் வழக்கிலும், வாடகைச் சட்டத்தின் காப்பு இச்சட்டத்தால் அழிவதில்லை என 2016இல் விஷால் கல்சாரியா வழக்கிலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019இல் பஜ்ரங் ஷியாம்சுந்தர் அகர்வால் வழக்கில், பதிவற்ற குத்தகையைக் காட்டுவோரின் உரிமை மிகவும் சுருங்கியது. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் குத்தகை உரிமை கோருவோர் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தை அணுக வழிசெய்தது. அத்தீர்ப்பாயம் ஆராய வேண்டியவற்றுள் ஒன்று, அக்குத்தகை சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 65அ பிரிவுக்கு மாறானதா என்பது.

1929இல் சேர்க்கப்பட்ட இந்த 65அ பிரிவு, அடமானம் வைத்த உரிமையாளர் தம் வசமுள்ள சொத்தைக் குத்தகைக்கு விடலாம் என்கிறது. ஆனால் நியாயமாகக் கிடைக்கக்கூடிய உயர்ந்த வாடகைக்கே விட வேண்டும். பெருந்தொகை முன்கூட்டிப் பெறலாகாது. வாடகையையும் முன்னதாகப் பெறலாகாது. ஒத்தி என்பது முழுவதும் முன்னதாகப் பெற்ற பெருந்தொகை. மாத வாடகை அதில் இல்லை. ஆகவே வங்கிக்குப் பிந்திய ஒத்திதாரர் இருபுறமும் அடைபட்டு நிற்கிறார். தம்மை அடமானதாரர் என்றால் 59ஆம் பிரிவு பதிவு எங்கே என்று கேட்கும். தம்மைக் குத்தகைதாரர் என்றால் 65அ பிரிவு வாடகை எங்கே என்று கேட்கும்.

மோசடிக் குற்றமாகக் காவல்துறையில் முறையிடும் வழி உண்டு. அது தண்டனைக்கு வழியே தவிர, பணத்தையும் வீட்டையும் மீட்கும் வழி அன்று.

தென்கொரியாவின் ஒப்புமை

உலகில் இவ்வகை உறவைப் பேரளவில் சட்டத்துக்குள் கொண்டுவந்த நாடு தென்கொரியா. அங்கு ஜொன்ஸே எனப்படும் முறையில் குடி வருபவர் வீட்டு மதிப்பின் பெரும்பகுதியை உரிமையாளரிடம் ஒப்படைத்து வாடகையின்றி வாழ்கிறார். காலம் முடிந்ததும் தொகை திரும்புகிறது. பெயரை நீக்கிவிட்டால் மதுரையின் ஒத்தி வீட்டுக்கும் இதற்கும் வேறுபாடு சிறிது. 1981ஆம் ஆண்டின் வீட்டுக் குத்தகைக் காப்புச் சட்டம், குடியேறி உள்ளூர் அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்துகொண்டவரின் உரிமை, வீட்டைப் பின்னர் வாங்குபவரையும் கட்டுப்படுத்தும் என வகுத்தது. 1989ஆம் ஆண்டுத் திருத்தம், ஒப்பந்தத்தில் அலுவலகத் தேதி முத்திரை பெற்றவருக்கு வீட்டு ஏலத் தொகையில் பிந்திய அடமானதாரருக்கு முன்னுரிமை தந்தது. சொத்துப் பதிவுச் செலவின்றி, முகவரிப் பதிவும் ஒரு தேதி முத்திரையும் கொண்டு கடன் கொடுத்துக் குடியிருப்பவரை அச்சட்டம் அடையாளம் கண்டது.

அதுவும் முழுக்காப்பாக அமையவில்லை. குடியேறியவரின் உரிமை மறுநாளிலிருந்தே செல்லும் என்பதால், குடியேறும் அன்றே வீட்டை அடமானம் வைத்துவிடும் உரிமையாளர்கள் தோன்றினர். வீட்டு விலை சரிந்தபோது தொகையைத் திருப்ப இயலாதோர் பெருகினர்; 2023இல் ஜொன்ஸே மோசடியால் பாதிக்கப்பட்டோருக்கெனத் தனிச்சட்டமே இயற்ற நேர்ந்தது. ஒருநாள் இடைவெளிகூட ஒரு குடும்பத்தின் சேமிப்பை விழுங்கப் போதுமானதாயிற்று.

குடியிருப்பே அறிவிப்பு

தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். மாறான உடன்பாடு இல்லாதவிடத்துக் காப்புத்தொகை மூன்று மாத வாடகையை மிஞ்சலாகாது. மாத வாடகையை அலகாகக் கொண்டு அளக்கும் இச்சட்டத்தில் மாத வாடகையே இல்லாத குடியிருப்புக்கு அளவுகோல் கிடைப்பதில்லை. ஒத்தியைத் தடுப்பதும் இல்லை, ஏற்பதும் இல்லை.

தேவைப்படும் கருவி சட்டத்தில் முற்றிலும் இல்லாமலும் இல்லை. சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 3ஆம் பிரிவுக்கு 1929இல் சேர்க்கப்பட்ட விளக்கம், ஒரு சொத்தில் உரிமை பெறுபவர், அதன் நேரடி வசத்தில் அப்போது இருப்பவரின் உரிமையை அறிந்தவராகவே கொள்ளப்படுவார் என்கிறது. வீட்டின் மீது கடன் கொடுக்கும் வங்கி கதவைத் தட்டி, உள்ளே இருப்பவர் யார், எவ்வகையில் இருக்கிறார் என்று கேட்டறிய வேண்டும் என்பதே இதன் நடைமுறைப் பொருள். ஒத்தி முந்தியதாக இருந்து, பதிவும் பெற்றிருந்தால் வங்கியின் உரிமை அதற்குப் பின்னரே நிற்கும். ஆயினும் அவ்விளக்கத்தில், வசத்தில் இருப்பவரின் உரிமை என்பதை அடுத்து, உரிமை ஏதேனும் இருப்பின் என்ற ஒரு தொடர் உண்டு. 11 மாத ஒப்பந்தத் தாளுடன் நிற்கும் குடும்பத்துக்கு அத்தகைய உரிமை எதுவும் 59ஆம் பிரிவின்படி பிறக்கவே இல்லை. வீட்டுக்குள் ஆள் இருப்பதை வங்கி அறிந்திருந்தாலும், அறிந்ததாகக் கொள்ளத்தக்க உரிமை ஒன்று அங்கு இல்லை. அவ்வுரிமையைப் பிறப்பிக்கும் பதிவுக்கு, வசம் மாறும் அடமானம் என்பதால், மிகுதியான தீர்வை செலுத்த வேண்டியிருக்கிறது.